தொடுதிரை செத்த பிறகும் போனை இயக்கலாம்: கணினியின் கட்டளை வரியிலிருந்து ஆண்ட்ராய்டு போனை ஆள ஒரு முழு வழிகாட்டி

2024 டிசம்பர் முதல் வாரம். ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறிய கையோடு தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. கடலூர் பக்கம் தாழங்குடாவில் சித்தி வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த போன் ஒரு ராத்திரி முழுக்க அதில் ஊறிக் கிடந்தது. காயவைத்து ஆன் செய்தால் திரை எரிகிறது, மணி காட்டுகிறது. விரல் வைத்தால் மட்டும் அசையவில்லை. பழுது பார்க்கும் கடையில், "டிஸ்ப்ளே மாத்திப் பாக்கலாம்மா, உள்ள இருக்கறதுக்கு கேரண்டி கிடையாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் போனில் சித்தப்பாவின் கடைசி ஒரு வருஷத்துப் படங்கள் இருந்தன. படகு, வலை, பேரனை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பது என்று எல்லாம் அதில்தான். வேறெங்கும் பிரதி இல்லை. மஞ்சக்குப்பத்தில் என் ஜெராக்ஸ் கடைக்குச் சித்தி அதை ஒரு மஞ்சள் பையில் சுற்றிக் கொண்டுவந்தார். கணினியில் செருகினேன், நான்கு கட்டளைகள் தட்டினேன், முக்கால் மணி நேரத்தில் எல்லாப் படங்களும் பென் டிரைவுக்கு வந்துவிட்டன. இதில் என் திறமை என்று ஒன்றும் இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், இடம் நிறைந்துவிட்டது என்று அதே போனை அவர் கொண்டுவந்தபோது, ஒரு அமைப்பை ஆன் செய்து என் கணினிக்கு அனுமதி கொடுத்து வைத்திருந்தேன். அந்த அனுமதிதான் காப்பாற்றியது. போன் நன்றாக இருக்கும்போதே செய்துவைக்க வேண்டிய வேலை இது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கட்டளைகளை எப்படிப் படிப்பது

நான் இதை நிறையப் பேருக்குப் போனில்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எதிர்முனையில் இருப்பவர் காதால் கேட்டு ஆங்கில எழுத்தில் தட்டுவார். இங்கேயும் அதே முறைதான்: கட்டளைகளைச் சொல்லும் ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். நீங்கள் ஆங்கிலத்தில், நான் வேறு மாதிரி சொல்லாத வரை எல்லாம் சிறிய எழுத்தில், இடைவெளி காட்டிய இடத்தில் மட்டும் இடைவெளி விட்டுத் தட்ட வேண்டும். டெல்லிக்கு வரும் டி-யும் திருச்சிக்கு வரும் டி-யும் குழம்பும். பம்பாய்க்கு வரும் பி-யும் பாண்டிச்சேரிக்கு வரும் பி-யும் அப்படித்தான். சந்தேகம் வரும் இடங்களில் ஊர் பெயரைச் சேர்த்திருக்கிறேன்.

முதல் சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள்: ஏ, டெல்லி டி, பம்பாய் பி. மூன்று எழுத்தும் ஒட்டி. ஆண்ட்ராய்டு டீபக் பிரிட்ஜ் என்பதன் சுருக்கம். இனி இதை ஏடிபி என்றே எழுதுகிறேன்.

உள்ளே என்ன நடக்கிறது

ஏடிபி என்பது கூகுள் இலவசமாகத் தரும் கருவி. ஆப் எழுதுபவர்களுக்காக வந்தது. அதில் மூன்று ஆட்கள். நீங்கள் கட்டளை தட்டுகிறீர்களே, அது ஒன்று. கணினியிலேயே பின்னால் ஓடிக்கொண்டு 5037 என்ற போர்ட்டில் (நிரல்கள் பேசிக்கொள்ளும் வாசல் எண்) காத்திருக்கும் சர்வர் இரண்டாவது. போனுக்குள் உட்கார்ந்து கட்டளையை வாங்கிச் செய்து முடிக்கும் சிறு நிரல் மூன்றாவது. எது தகராறு செய்கிறது என்று கண்டுபிடிக்க இந்தக் கணக்கு உதவும். பாதிப் பிரச்சினைகள் நடு ஆளால் வருபவை. "ஏடிபி கில்-சர்வர்" என்று தட்டி அவரை வெளியே அனுப்பிவிட்டு, அடுத்த கட்டளை கொடுத்தால் புதிதாக வந்து உட்காருவார்.

ஐபோனுக்கு இவை எதுவும் பொருந்தாது. ஆப்பிளின் வழி வேறு.

கணினியில் நிறுவுவது

விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு என் யோசனை: ஸ்கிரீன் காப்பி என்று உச்சரிக்கிற இன்னொரு கருவியின் விண்டோஸ் ஜிப் கோப்பை இறக்குங்கள். அதன் பெயரை எஸ், சி, ஆர், சி, பாண்டிச்சேரி பி, ஒய் என்று எழுத வேண்டும். ஜெனிமொபைல் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட திறந்த மூல நிரல் அது. போனின் திரையைக் கணினியில் காட்டும். அந்த ஜிப்புக்குள்ளேயே ஏடிபி-யும் இருக்கிறது. ஒரே இறக்கத்தில் இரண்டு வேலை முடியும். கிட்ஹப்பில் அதன் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். அதே பெயரில் போலித் தளங்கள் உண்டு. ஜிப்பைப் பிரித்து சி டிரைவில் ஒரு ஃபோல்டரில் வையுங்கள். ஃபோல்டரைத் திறந்து, மேலே முகவரி இருக்கும் பட்டையில் "சிஎம்டி" (கடைசியில் டெல்லி டி) என்று தட்டி என்டர் அழுத்தினால் கறுப்பு ஜன்னல் அந்த இடத்திலேயே திறக்கும்.

உபுண்டு, டெபியனில்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஏடிபி

மேக்கில் ஹோம்ப்ரூ இருந்தால் "ப்ரூ இன்ஸ்டால் ஆண்ட்ராய்டு-பிளாட்ஃபார்ம்-டூல்ஸ்". இவ்வளவுதான்.

போனில் கதவைத் திறப்பது

டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற பட்டியலை ஆண்ட்ராய்டு 4.2 முதல் மறைத்தே வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் "அபவுட் போன்" போய், "பில்ட் நம்பர்" என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். சாம்சங்கில் அது "சாஃப்ட்வேர் இன்ஃபர்மேஷன்" என்பதற்குள் இருக்கும். ஷாவ்மி போன்களில் இயங்குதளப் பதிப்பு காட்டும் வரியைத் தட்ட வேண்டும். பின் நம்பர் கேட்கும், கொடுங்கள். பிறகு செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் "டெவலப்பர்" என்று தேடினால் பட்டியல் கிடைக்கும். அதற்குள் "யூஎஸ்பி டீபக்கிங்" என்பதை ஆன் செய்யுங்கள்.

ஷாவ்மி, ரெட்மி, போக்கோ வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்தாக வேண்டும். "யூஎஸ்பி டீபக்கிங் (செக்யூரிட்டி செட்டிங்ஸ்)" என்று தனியாக ஒரு பொத்தான் இருக்கும். அதை ஆன் செய்யாவிட்டால் படங்களை எடுக்க முடியும், ஆனால் கணினியிலிருந்து திரையைத் தொட முடியாது. அதை ஆன் செய்ய மி கணக்கும் உள்ளே சிம்மும் கேட்கும். திரை உடைந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பது மிகக் கொடுமை. இப்போதே செய்துவிடுங்கள்.

முதல் இணைப்பு

முதலில் கேபிள். கடையில் வாங்கும் மலிவுக் கேபிள்களில் சார்ஜ் ஏறும் கம்பி மட்டுமே இருப்பவை ஏராளம். தரவு போகும் கம்பி இருக்காது. போனோடு பெட்டியில் வந்த கேபிளைப் பயன்படுத்துங்கள். செருகிவிட்டுத் தட்டுங்கள்:

ஏடிபி டிவைசஸ்

போன் திரையில் "இந்தக் கணினியை அனுமதிக்கவா" என்று ஒரு பெட்டி வரும். "எப்போதும் அனுமதி" என்பதில் டிக் போட்டு சரி கொடுங்கள். திரும்ப அதே கட்டளையைத் தட்டினால் போனின் வரிசை எண்ணும் பக்கத்தில் ஒரு சொல்லும் வரும். "டிவைஸ்" என்று வந்தால் எல்லாம் சரி. "அன்ஆத்தரைஸ்டு" என்றால் போனில் அந்தப் பெட்டிக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. "ஆஃப்லைன்" என்றால் கேபிளைப் பிடுங்கிச் செருகி, முன்பு சொன்னபடி சர்வரை நிறுத்திவிடுங்கள். லினக்ஸில் "நோ பர்மிஷன்ஸ்" என்று வந்தால் செருகிய கருவியைத் தொட லினக்ஸ் தரும் அனுமதி இல்லை: யூடெவ் விதி இல்லை அல்லது நீங்கள் பிளக்டெவ் குழுவில் இல்லை. ஒன்றுமே வராமல் வெறும் தலைப்பு மட்டும் வந்தால் கேபிள். விண்டோஸாக இருந்தால் டிரைவராகவும் இருக்கலாம்.

ஒன்றுக்கு மேல் போன் செருகியிருந்தால் எந்தப் போன் என்று கேட்டுக் கட்டளை நின்றுவிடும். "ஏடிபி -எஸ்" போட்டு, வரிசை எண்ணைச் சேர்த்து, அதன்பின் மற்றதைத் தட்டுங்கள்.

இனி மிக முக்கியமான ஒன்று. அந்த "எப்போதும்" உண்மையில் எப்போதும் அல்ல. ஆண்ட்ராய்டு 11 முதல், ஏழு நாள் அந்தக் கணினியோடு இணைக்காமல் விட்டால் அனுமதி தானாக அழிந்துவிடும். சித்தியின் போன் ஆண்ட்ராய்டு 10. அதனால் எட்டு மாதம் கழித்தும் என் கணினியை அடையாளம் கண்டுகொண்டது. உங்களுடையது புதியதாக இருந்தால், டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டிசேபிள் ஏடிபி ஆத்தரைசேஷன் டைம்அவுட்" என்பதை ஆன் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் நான் சொல்லும் முன்னெச்சரிக்கை ஒரு வாரம்தான் தாங்கும்.

விரலுக்குப் பதில் கட்டளை

திரை எத்தனை புள்ளி அகலம், எத்தனை உயரம் என்று முதலில் கேளுங்கள்:

ஏடிபி ஷெல் டபிள்யூஎம் சைஸ்

ஷெல் என்பது போனுக்குள் இருந்து கட்டளையை வாங்கிச் செய்யும் நிரல். 1080x2400 போல ஒரு விடை வரும். இடது மேல் மூலை 0, 0. அங்கிருந்து வலப்பக்கம் முதல் எண், கீழ்ப்பக்கம் இரண்டாம் எண். நடுத்திரையைத் தட்ட:

ஏடிபி ஷெல் இன்புட் டேப் 540 1200

கீழிருந்து மேலே தள்ள, 300 மில்லிசெகண்டில்:

ஏடிபி ஷெல் இன்புட் ஸ்வைப் 540 1800 540 600 300

ஒரே இடத்தில் ஆரம்பித்து அதே இடத்தில் முடியும் ஸ்வைப்புக்கு 1000 மில்லிசெகண்ட் கொடுத்தால் அது நீண்ட அழுத்தம்.

பொத்தான்களுக்கு எண்கள் உண்டு. "ஏடிபி ஷெல் இன்புட் கீஈவென்ட்" என்று தட்டி, கடைசிச் சொல்லை ஒட்டி எழுதி, இடைவெளி விட்டு எண்ணைப் போடுங்கள். 3 முகப்புத் திரை, 4 பின்செல்ல, 24 ஒலி கூட்ட, 25 குறைக்க, 26 பவர் பொத்தான், 66 என்டர், 187 திறந்திருக்கும் ஆப்களின் பட்டியல். பவருக்கு 26-ஐ விட நான் 224-ஐயே விரும்புவேன். 26 எரியும் திரையை அணைக்கும், அணைந்ததை எரியவிடும். இப்போது எந்த நிலை என்று தெரியாவிட்டால் தலைகீழாகும். 224 எழுப்ப மட்டும், 223 தூங்கவைக்க மட்டும்.

பூட்டிய போனைத் திறக்க: 224, பிறகு 82, பிறகு "ஏடிபி ஷெல் இன்புட் டெக்ஸ்ட்" என்று தட்டிப் பின் நம்பர், பிறகு 66. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு விநாடி விடுங்கள். கோடு போடும் பேட்டர்ன் பூட்டு இந்த வழியில் கடினம். அதற்கு ஸ்கிரீன் காப்பியில் மௌஸ் பிடித்து வரைவதுதான் சுலபம்.

"இன்புட் டெக்ஸ்ட்" கட்டளையில் இடைவெளி வேண்டிய இடத்தில் சதவீதக் குறியும் எஸ் எழுத்தும் போட வேண்டும். இன்னொரு பெரிய குறை, தமிழர்களுக்கு மிகவும் உறைப்பது: இந்தக் கட்டளை தமிழ் எழுத்தை ஏற்காது. ஒவ்வொரு எழுத்தையும் விசைப்பலகையின் ஒரு விசையாக மாற்றித்தான் அது போனுக்குள் அனுப்புகிறது. "ழ" என்று ஒரு விசை அதனிடம் இல்லை. தட்டினால் பிழைச் செய்திதான் வரும். வழி என்ன? ஸ்கிரீன் காப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு, கணினியில் தமிழில் எழுதியதைப் பிரதியெடுத்து, அந்த ஜன்னலில் கன்ட்ரோல் வி அழுத்துங்கள். போனின் கிளிப்போர்டு வழியாகத் தமிழ் ஒழுங்காக இறங்கும். கடையில் மனு விவரங்களைக் கணினியில் தட்டிப் போனில் ஒட்டும் வேலைக்கு நான் தினமும் இதைத்தான் செய்கிறேன்.

புள்ளி எண்களைக் கடைசியாக நம்புங்கள்

புதிதாகக் கற்பவர்கள் எல்லோரும் "டேப் 540 1200" என்று எண்ணெண்ணாக அடுக்கி ஒரு நிரல் எழுதிவிடுவார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆப் ஒரு அப்டேட் வாங்கியதும் பொத்தான் நகர்ந்துவிடும். எண் வேறெதையோ அழுத்தும். அது "அழி" பொத்தானாகக்கூட இருக்கலாம். ஆகவே நான் வைத்திருக்கும் வரிசை: முதலில் நேரடிக் கட்டளை, இல்லாவிட்டால் பொத்தான் எண், அதுவும் இல்லாவிட்டால்தான் புள்ளி எண்.

நேரடிக் கட்டளை என்றால் என்ன? ஒரு இணையப் பக்கத்தைத் திறக்க பிரவுசர் படத்தைத் தேடித் தட்ட வேண்டியதில்லை:

ஏடிபி ஷெல் ஏஎம் ஸ்டார்ட் -ஏ ஆண்ட்ராய்டு.இன்டென்ட்.ஆக்‌ஷன்.வியூ -டி முகவரி

இதில் "வியூ" மட்டும் பெரிய எழுத்து. கடைசியில் இருப்பது டெல்லி டி. "முகவரி" என்ற இடத்தில் முழு இணைய முகவரியைப் போடுங்கள். "வியூ" இடத்தில் பெரிய எழுத்தில் "டயல்" போட்டு, முகவரிக்குப் பதில் "டெல்" என்று எழுதி முக்காற்புள்ளியும் எண்ணும் சேர்த்தால் எண் தட்டும் திரை எண்ணோடு திறக்கும். "கால்" என்று போட்டால் அழைப்பே போய்விடும்.

முகவரியில் "அண்ட்" குறி (&) இருந்தால் கவனம். உங்கள் கட்டளையை முதலில் கணினி படிக்கிறது, பிறகு போனுக்குள் இருக்கும் இன்னொரு ஷெல் படிக்கிறது. இருவருமே அந்தக் குறியைத் தங்களுக்கான உத்தரவு என்று எடுத்துக்கொள்வார்கள். "ஷெல்" என்பதற்குப் பின்னால் இருக்கும் முழுவதையும் இரட்டை மேற்கோளில் அடைத்து, உள்ளே முகவரியை மட்டும் ஒற்றை மேற்கோளில் அடையுங்கள்.

ஆப்களைப் பெயர் சொல்லித் திறக்க அதன் பேக்கேஜ் பெயர், அதாவது போன் உள்ளே அதற்கு வைத்திருக்கும் பெயர், வேண்டும். "ஏடிபி ஷெல் பிஎம் லிஸ்ட் பேக்கேஜஸ் -3" என்றால் நீங்கள் நிறுவியவை மட்டும் வரும். "ஏடிபி ஷெல் மங்கி -பி பெயர் 1" என்று தட்டினால் அந்த ஆப் திறக்கும். பிஎம்-இலும் -பி-யிலும் வருவது பாண்டிச்சேரி பி. மூட "ஏடிபி ஷெல் ஏஎம் ஃபோர்ஸ்-ஸ்டாப் பெயர்".

புள்ளி எண்தான் கதி என்று ஆகும்போதும் குத்துமதிப்பாகத் தட்ட வேண்டாம்:

ஏடிபி ஷெல் யூஐஆட்டோமேட்டர் டம்ப்

அப்போது திரையில் இருக்கும் ஒவ்வொரு பொத்தானும், அதன் எழுத்தும், அதன் எல்லையைக் காட்டும் நான்கு எண்களும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பாகப் போனில் சேமிக்கப்படும். கோப்பு எங்கே இருக்கிறது என்று அதுவே சொல்லும். அதைக் கணினிக்கு இழுத்து, பொத்தானின் பெயரைத் தேடி, "பவுண்ட்ஸ்" என்ற இடத்தில் உள்ள நான்கு எண்களின் நடுப்புள்ளியைக் கணக்கிடுங்கள். பைத்தான் தெரிந்தவர்கள் இதை நிரலாகவே எழுதிவிடலாம்; பொத்தான் நகர்ந்தாலும் நிரல் தேடிப் பிடித்துக்கொள்ளும்.

திரையைக் கணினியில் பார்ப்பது

கறுப்பு ஜன்னலில் ஸ்கிரீன் காப்பியின் ஆறு எழுத்துப் பெயரைத் தட்டி என்டர் அழுத்தினால் போன் திரை கணினியில் விரியும். ஆண்ட்ராய்டு 5.0 முதல் வேலை செய்யும். 11 முதல் ஒலியும் வரும். இடது கிளிக் விரல், வலது கிளிக் பின்செல்ல, நடு உருளை முகப்பு. போனில் எதையும் நிறுவ வேண்டியதில்லை, ரூட் (போனின் தடைகளை உடைத்து முழு அதிகாரம் எடுப்பது) செய்ய வேண்டியதில்லை.

பழைய கணினியில் திணறினால் "-எம் 1024" சேருங்கள். படம் சிறிதாகி ஓட்டம் சீராகும். "-எஸ்" என்று பெரிய எழுத்தில் சேர்த்தால் போனின் திரை அணைந்து கணினியில் மட்டும் ஓடும். இதனால் கடையில் எனக்குப் பெரிய உபயோகம் ஒன்று உண்டு. ஓய்வூதியத்துக்கோ பட்டாவுக்கோ விண்ணப்பிக்க வரும் வயதானவர்கள், "என்னப்பா போடற, எனக்குத் தெரியலையே" என்று போனையே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் போனை அவர்கள் சம்மதத்தோடு பெரிய மானிட்டரில் காட்டும்போது, தன் பெயரும் அப்பா பெயரும் சரியாக இருக்கிறதா என்று அவர்களே படித்துச் சரி பார்க்கிறார்கள். வேலை முடிந்ததும் அவர்கள் கண் முன்னாலேயே டீபக்கிங்கை அணைத்துக் கொடுக்கிறேன்.

வங்கி ஆப்களின் சில திரைகள் கறுப்பாக வரும். பாதுகாப்புக்காக அவர்களே திரைப்பிடிப்பைத் தடுத்திருக்கிறார்கள். அதை உடைக்க முயல வேண்டாம்.

படங்களும் கோப்புகளும்

சித்தியின் படங்களை எடுத்தது இந்தக் கட்டளைதான்:

ஏடிபி புல் -ஏ /எஸ்டிகார்டு/டிசிஐஎம்/கேமரா

"டிசிஐஎம்" முழுதும் பெரிய எழுத்து, டெல்லி டி. "கேமரா"வின் முதல் எழுத்து மட்டும் பெரிது. காட்டியபடியே பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் தட்டுங்கள். மாறினால் "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்று வரலாம். எஸ்டிகார்டு என்று சொன்னாலும் அது மெமரி கார்டு அல்ல, போனின் சொந்தச் சேமிப்புதான். "-ஏ" முக்கியம்: படங்களின் பழைய தேதி அப்படியே நிற்கும். அது இல்லாவிட்டால் எல்லாப் படத்துக்கும் இன்றைய தேதி விழும், வரிசை குலையும். வாட்ஸ்ஆப் படங்கள் புதிய போன்களில் "/எஸ்டிகார்டு/ஆண்ட்ராய்டு/மீடியா/காம்.வாட்ஸ்ஆப்" என்பதற்குள் இருக்கும், ஆண்ட்ராய்டின் முதல் எழுத்து பெரிது.

கணினியிலிருந்து போனுக்கு அனுப்ப "ஏடிபி புஷ்".

திரையைப் படமெடுக்க "ஏடிபி ஷெல் ஸ்கிரீன்கேப் -பி /எஸ்டிகார்டு/ஏ.பிஎன்ஜி" என்று போனிலேயே சேமித்துவிட்டு, பிறகு புல் செய்யுங்கள் (இதில் "-பி"-யிலும் "பிஎன்ஜி"-யிலும் வருவது பாண்டிச்சேரி பி). நேராகக் கணினிக்குத் திருப்பிவிடும் குறுக்குவழி ஒன்று உண்டு. ஆனால் பழைய பவர்ஷெல்லில் அது படத்தைக் கெடுத்துவிடும். வீடியோவுக்கு "ஸ்கிரீன்ரெக்கார்டு", வழக்கமாக மூன்று நிமிடத்தில் தானே நின்றுவிடும். நீளமாக வேண்டுமென்றால் ஸ்கிரீன் காப்பியில் "--ரெக்கார்டு" போட்டுக் கோப்பின் பெயர் கொடுங்கள்.

தானாக ஓடவிடுவது

இதுவரை ஒவ்வொன்றாகத் தட்டியவற்றை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அதுதான் தானியக்கம். விண்டோஸில் நோட்பேடில் எழுதி ".பேட்" (பம்பாய் பி, ஏ, திருச்சி டி) என்ற முடிவோடு சேமியுங்கள். வாராவாரம் படங்களை எடுக்க எனக்கு இரண்டு வரி போதும்:

ஏடிபி வெயிட்-ஃபார்-டிவைஸ்
ஏடிபி புல் -ஏ /எஸ்டிகார்டு/டிசிஐஎம்/கேமரா டி:\போட்டோஸ்

முதல் வரி, போன் செருகப்படும் வரை பொறுமையாகக் காத்திருக்கும். புல் கட்டளை ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுக்கும், புதியதை மட்டும் பிரித்து எடுக்காது. படம் அதிகம் உள்ளவர்கள் ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரிலோ லினக்ஸின் கிரானிலோ நேரம் குறித்து வைக்கும்போது, "ஏடிபி" என்று மட்டும் எழுதாமல் அது இருக்கும் ஃபோல்டரின் முழு வழியையும் எழுதுங்கள். கையால் தட்டும்போது ஓடியது குறித்த நேரத்தில் ஓடாததற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

நீளமான பட்டியல் ஒன்றை ஒரு ஆப் காட்டுகிறது, இறக்கும் வசதி இல்லை என்று வையுங்கள். முப்பது முறை படமெடுத்து, நகர்த்தி, படமெடுக்க வேண்டும்:

ஃபார் /எல் %%ஐ இன் (1,1,30) டூ (
ஏடிபி ஷெல் ஸ்கிரீன்கேப் -பி /எஸ்டிகார்டு/பேஜ்%%ஐ.பிஎன்ஜி
ஏடிபி ஷெல் இன்புட் ஸ்வைப் 540 1700 540 700 800
டைம்அவுட் /டி 2
)

"ஐ" என்பது ஒரே ஆங்கில எழுத்து. கடைசி வரியில் வருவது திருச்சி டி. ஸ்வைப்புக்கு 800 மில்லிசெகண்ட் கொடுத்திருப்பதற்குக் காரணம் உண்டு: வேகமாகத் தள்ளினால் பக்கம் உருண்டோடி நடுவில் சில வரிகள் விட்டுப்போகும். இரண்டு விநாடி இடைவெளியையும் குறைக்காதீர்கள்; நெட் மெதுவாக இருக்கும் நாளில் பாதி வரைந்த திரைதான் படமாகும்.

லினக்ஸில் ஒரு கோப்பை வரிவரியாகப் படிக்கும் சுழலுக்குள் "ஏடிபி ஷெல்" போட்டால் முதல் வரியோடு நின்றுவிடும். மீதி வரிகளை ஷெல் தனக்கான உள்ளீடு என்று விழுங்கிவிடுகிறது. "ஏடிபி ஷெல் -என்" என்று எழுதினால் தீரும்.

பேட்டரியைப் பார்க்க "ஏடிபி ஷெல் டம்ப்சிஸ் பேட்டரி". டம்ப்சிஸ் ஒரே சொல்: டெல்லி டி, யூ, எம், பாண்டிச்சேரி பி, எஸ், ஒய், எஸ். அதில் "டெம்பரேச்சர்" 312 என்று வந்தால் 31.2 டிகிரி என்று பொருள். இந்தக் கடலோர வெயிலில் நாள் முழுக்கச் செருகிக் கிடக்கும் கடைப் போனுக்கு நான் இதைக் காலையும் மதியமும் பார்க்கிறேன்; 400-ஐத் தாண்டினால் கழற்றிவிடுகிறேன்.

ஒரு வேலைக்கு மட்டும் நான் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பொங்கல், தீபாவளி நெருங்கினால், "அண்ணே, ஆயிரம் பேருக்கு வாட்ஸ்ஆப் தானா போற மாதிரி செஞ்சு குடுங்க" என்று கேட்டு வருவார்கள். மொத்தமாகவும் தானாகவும் செய்தி அனுப்புவது வாட்ஸ்ஆப்பின் விதிகளுக்கு விரோதம், எண்ணையே முடக்கிவிடுவார்கள். அதோடு, கேட்காதவர் போனில் போய்க் கதவைத் தட்டும் வேலை அது.

கேபிள் இல்லாமல்

ஆண்ட்ராய்டு 11 முதல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "வயர்லெஸ் டீபக்கிங்" இருக்கிறது. கணினியும் போனும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். அதற்குள் குறியீட்டோடு இணைக்கும் வசதியைத் தட்டினால் ஆறு இலக்க எண்ணும் ஒரு முகவரியும் வரும். "ஏடிபி பேர்" (ஜோடி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்) போட்டு அந்த முகவரி, கேட்கும்போது ஆறு இலக்கம். பிறகு முந்தைய திரையில் இருக்கும் முகவரியோடு "ஏடிபி கனெக்ட்". இரண்டு முகவரியிலும் முக்காற்புள்ளிக்குப் பிந்தைய எண் வேறு. பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பழைய போனில் கேபிளில் செருகி "ஏடிபி டிசிபிஐபி 5555" (திருச்சி டி, சி, பாண்டிச்சேரி பி, ஐ, பாண்டிச்சேரி பி) கொடுத்துவிட்டு, கழற்றி, போனின் ஐபி முகவரியோடு கனெக்ட் செய்யலாம். வேலை முடிந்ததும் "ஏடிபி யூஎஸ்பி" என்று தட்டி மூடுங்கள். வீட்டு வைஃபையில் மட்டும் செய்யுங்கள். கடற்கரைச் சாலை காபிக் கடையிலோ தங்கும் விடுதியிலோ வேண்டாம்.

சாவியை யாரிடம் விடுவது

டீபக்கிங் ஆன் செய்து அனுமதியும் கொடுத்த கணினி உங்கள் போனில் ஏறக்குறைய எல்லாவற்றையும் செய்ய முடியும். படங்களை எடுக்கலாம், ஆப் நிறுவலாம், அழைக்கலாம். அதனால் "எப்போதும் அனுமதி" டிக் உங்கள் சொந்தக் கணினிக்கு, அல்லது வீட்டுச் சாவியையே கொடுக்கக்கூடிய ஒருவரின் கணினிக்கு மட்டும். வேறு இடத்தில் கொடுத்திருந்தால் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "ரிவோக் யூஎஸ்பி டீபக்கிங் ஆத்தரைசேஷன்ஸ்" என்பதைத் தட்டுங்கள். எல்லா அனுமதியும் போய்விடும். பிறகு உங்கள் கணினிக்கு மட்டும் புதிதாகக் கொடுங்கள். சில வங்கி ஆப்கள் டீபக்கிங் ஆன் ஆக இருந்தால் திறக்க மறுக்கும். அப்படிப்பட்டவர்களுக்கு என் யோசனை: அன்றாடப் போனில் அணைத்தே வைத்து, வாரம் ஒரு நாள் மட்டும் ஆன் செய்து படங்களைப் பிரதியெடுங்கள். பிரதி இருந்தால் திரை போனாலும் கவலை குறைவு.

திரை ஏற்கெனவே போய்விட்டதா?

காட்சி தெரிகிறது, தொடுதல் மட்டும் இல்லை என்றால் முதலில் எளிய வழி: ஓடிஜி இணைப்பான் ஒன்று வாங்கிச் சாதாரண மௌஸைப் போனில் செருகுங்கள். அம்பு தோன்றும். அதைக் கொண்டே பூட்டைத் திறந்து, டீபக்கிங்கும் ஆன் செய்துவிடலாம். மௌஸ் இணைப்பான் கிடைக்காவிட்டால் ஸ்கிரீன் காப்பியை "--ஓடிஜி" சேர்த்து ஓட்டுங்கள். கணினியின் மௌஸும் விசைப்பலகையும் போனுடையதாகிவிடும். இதற்கு டீபக்கிங் ஆன் ஆக இருக்க வேண்டியதில்லை.

காட்சி இருட்டு, ஆனால் இந்தக் கணினிக்கு அனுமதி இருக்கிறது என்றால் ஸ்கிரீன் காப்பி போதும். பூட்டுத் திரை கறுப்பாக வந்தால் முன்பு சொன்ன 224, 82, பின் நம்பர், 66 வரிசை. போனை ரீஸ்டார்ட் மட்டும் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் ஆன பிறகு பின் நம்பர் போடும் வரை படங்கள் குறியாக்கத்துக்குள் (யாரும் படிக்க முடியாதபடி தரவை மாற்றி வைப்பது) பூட்டிக் கிடக்கும்; கட்டளை வழியாகப் பார்த்தாலும் தெரியாது.

காட்சியும் இருட்டு, அனுமதியும் இல்லை என்றால் கட்டளை வரியில் வழி இல்லை. டைப்-சி துளை வழியாக டிவிக்குக் காட்சி அனுப்பும் வசதி சில விலையுயர்ந்த போன்களில் உண்டு. உங்களுடையதில் இருந்தால் அதையும் ஒரு மௌஸையும் சேர்த்து முயலலாம். இல்லாவிட்டால் திரையைத்தான் மாற்ற வேண்டும். பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள்: திரையை மாற்றினால் போதும், ரீசெட் செய்யக் கூடாது. ரீசெட் செய்த அடுத்த நொடியே குறியாக்கத்தின் சாவி அழிந்துவிடும். அதன்பின் அந்தப் படங்களை யாராலும் மீட்க முடியாது.